தன் பிழையைத் தானே முதலில் சொன்ன எங்கள் அக்கா

அக்கா நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு யாராவது அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று வீட்டில் பேச்சு வந்தபோது எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் ஜாக்கெட் தைக்கிறவள். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்புக்குப் பெரிய கும்பிடு போட்டவள். என்னைவிடப் படித்தவர்கள் நம் சொந்தத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் எழுதினால் அக்கா நல்லவர், வல்லவர், பொறுமைசாலி என்று எழுதி முடித்துவிடுவார்கள். அதனால் நானே எழுதுகிறேன். வீட்டில் அக்காவை 'வா, போ' என்றுதான் கூப்பிட்டேன். அச்சில் வரும்போது மரியாதை வேண்டும் என்று அக்காவின் கணவர், எங்கள் மாமா, சொல்லிவிட்டார். தங்கை தன்னை 'அவர்' என்று எழுதுவதைப் பார்த்தால் அக்காவுக்குச் சிரிப்பு தாங்காது.

காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூருக்குப் பக்கத்தில் ஒரு காலனி வீட்டில் மூத்த பிள்ளையாக அக்கா பிறந்தார். அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார். அம்மா நடவுக்கும் களை எடுக்கவும் போனார். எங்களுக்கென்று ஒரு சாண் நிலம் கிடையாது. காலையில் உலை வைத்து, எனக்குத் தலை பின்னிவிட்டு, பிறகுதான் அக்கா பள்ளிக்கூடம் போவார். கல்லூரிப் பிள்ளைகள் பேருந்தில் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டு போவதை அவர் வாய் பிளந்து பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது. வீட்டுக்கு வந்து அதே மாதிரி பேசிக் காட்டுவார். அதில் பாதி ஆங்கிலம், பாதி அவர் இட்டுக்கட்டியது.

கல்லூரியில் ஆங்கில இலக்கியம்தான் படிப்பேன் என்று பிடிவாதம் பிடித்தார். தமிழோ வரலாறோ எடுக்கச் சொல்லி எல்லோரும் சொன்னார்கள், கேட்கவில்லை. அங்கே பட்ட பாடு கொஞ்சமில்லை. விரிவுரையாளர் எழுப்பிக் கேள்வி கேட்டால் பதில் மனதில் இருக்கும், வாய்க்கு வராது. பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்கும். தலைவலி என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். அம்மா சுக்கு அரைத்துப் பற்றுப் போடுவார். சுக்கால் போகிற வலியா அது?

அதையெல்லாம் தாண்டி பி.எட். முடித்து, சில ஆண்டுகள் தனியார் பள்ளியில் நாயாய் உழைத்து, பிறகு அரசுப் பள்ளியில் ஆங்கில ஆசிரியரானார். பட்டுப் புடவைக் கடையில் விற்பனையாளராக இருந்த மாமாவைத் திருமணம் செய்துகொண்டு பெரிய காஞ்சிபுரத்துக்குக் குடிவந்தார். ஒரே மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். நானும் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் தையல் கடை போட்டு, அக்கா கண் முன்னாலேயே இருந்துவிட்டேன்.

வெளியில் பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். ஆங்கில ஆசிரியர்கள் தங்களுக்குள் ஆங்கிலத்தில் பேச மாட்டார்கள். அக்கா போகிற பேருந்தில் வேறு வேறு பள்ளிக்குப் போகிற ஆங்கில ஆசிரியர்கள் தினமும் ஏறுவார்கள். அத்தனை பேரும் தமிழில் வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டு போவார்கள். வாயைத் திறந்தால் பக்கத்து ஆசிரியர் தப்புக் கண்டுபிடித்துவிடுவாரோ என்ற பயம். அக்காவும் அப்படித்தான் இருந்தார். அரசுச் சம்பளம் வாங்க ஆரம்பித்த பிறகும் கல்லூரியில் கேட்ட அந்தச் சிரிப்புச் சத்தம் அவரை விடவில்லை.

ஒரு பயிற்சி வகுப்பில்தான் ஸ்டெல்லா டீச்சரைச் சந்தித்தார். ஸ்டெல்லா டீச்சர் சின்ன காஞ்சிபுரத்தில் இருப்பவர், பக்கத்து ஊர் அரசுப் பள்ளியில் வேலை. கன்னியாஸ்திரிகள் நடத்திய விடுதியில் தங்கிப் படித்ததால் அவருக்கு ஆங்கிலம் தண்ணீர் மாதிரி வரும். மதியச் சாப்பாட்டின்போது அக்கா அவரிடம், "உங்ககிட்ட வாயத் தொறக்கவே பயமா இருக்குது டீச்சர்" என்று சொல்லிவிட்டார். அதற்கு அவர், "எனக்குப் பேச வருது டீச்சர், ஆனா பசங்கள ஒக்கார வெக்கத் தெரியல. என் கிளாஸ் சந்தைக்கடை மாதிரி இருக்குது. ஹெச்.எம். பாத்துடுவாரோன்னு கதவச் சாத்திக்கினுதான் பாடம் எடுக்கறேன்" என்றாராம். இரண்டு பேரும் எலுமிச்சைச் சாதத்தைப் பகிர்ந்துகொண்டே சிரித்திருக்கிறார்கள்.

அப்போது அக்காதான், தன்னைவிட இளையவர் என்ற உரிமையில் 'நீ' என்றே அழைத்து, அந்த யோசனையைச் சொன்னார். "நீ ஒரு நாள் என் கிளாஸ்ல வந்து கடைசி பெஞ்சுல ஒக்காருமா. நான் எங்க தப்பு பண்றேன்னு பாத்துச் சொல்லு. அப்புறம் நான் உன் கிளாஸுக்கு வரேன்."

தலைமையாசிரியர்களிடம் வாய்மொழியாக அனுமதி வாங்கிக்கொண்டு, தங்கள் தற்செயல் விடுப்பைப் போட்டுவிட்டு இருவரும் ஒருவர் வகுப்புக்கு ஒருவர் போனார்கள். மாமா கிண்டல் செய்வார். "ஊர்ல அவனவன் லீவு போட்டா திருப்பதிக்குப் போறான். எங்க வூட்டம்மா வேற இஸ்கூலு பெஞ்சுக்குப் போறாங்க" என்பார். ஆனால் டிபன் பாக்ஸைக் கட்டிக் கொடுத்து வண்டியில் கொண்டுபோய் விடுகிறவரும் அவர்தான்.

முதல் முறை போய்வந்த வாரம், சனிக்கிழமை இருவரும் என் கடைக்கு வந்தார்கள். வீட்டில் உட்கார்ந்து பேச இருவருக்குமே இடம் தோதுப்படவில்லை. அக்கா முதலில் தன் வகுப்பில் என்னென்ன கோணல் என்று தானே சொன்னார். பிறகு ஸ்டெல்லா டீச்சர் சொன்னார். "நீங்க ஒரு வரி இங்கிலீஷ் படிச்ச ஒடனே தமிழ்ல சொல்லிடறீங்கக்கா. பசங்க இங்கிலீஷ காதுலயே வாங்கறது இல்ல. எப்படியும் தமிழ் வரும்னு காத்துக்கினு இருக்காங்க." அக்காவின் முகம் சுண்டிப்போனது. ஆனால் அவரும் விட்டுவைக்கவில்லை. "நீ முன் வரிசையிலயே நின்னுக்கினு இருக்கற. பின்னாடி ஒக்காந்திருக்கற புள்ளைங்க பக்கம் நீ ஒரு வாட்டிகூடப் போகல. அப்புறம் அதுங்க சந்தைக்கடை போடாம இன்னா பண்ணும்?" எனக்குச் சண்டை வந்துவிடும் என்று பயம். டீ வாங்கிவர எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் இருவரும் அடுத்த பாடத்தை எப்படி எடுப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

அப்படி ஆரம்பித்ததுதான். பிறகு இன்னும் மூன்று ஆசிரியர்கள் சேர்ந்தார்கள். மாதத்தில் ஒருவர் வகுப்புக்கு ஒருவர் போவது, சனிக்கிழமை என் கடையில் கூடுவது என்று ஆனது. அவர்களுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. பாடம் எடுத்தவர்தான் முதலில் பேச வேண்டும், தன் வகுப்பில் எது சரியில்லை என்று தானே சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு பார்த்தவர் சொல்லலாம். 'நல்லா இருந்துச்சு' என்று மட்டும் யாரும் சொல்லக்கூடாது. அந்த மூவரில் கடைசியாக வந்து சேர்ந்த ஒரு சார் ஒருமுறை அப்படிச் சொல்லிவிட்டார். அக்கா அவரைப் பிடித்துக்கொண்டார். "நல்லா இருந்துச்சுன்னு சொல்றதுக்கா சார் ஒரு லீவ வீணாக்கினீங்க? அத எங்க வூட்டுக்காரரே சொல்லுவாரே" என்றார். அந்த சார் காது வரைக்கும் சிவந்துபோனார். ஆனாலும் அடுத்த வாரம் வந்தார்.

அக்கா மாறியதை நான் கண்ணால் பார்த்தேன். கடையில் மற்ற ஆசிரியர்களோடு ஆங்கிலத்திலேயே பேச ஆரம்பித்தார். தடுக்கினால் நின்று, திருத்திக்கொண்டு, மறுபடியும் பேசுவார். யார் சிரித்தாலும் அவரும் சேர்ந்து சிரித்தார். எங்கள் அக்கா தலை நிமிர்ந்து நடந்த ஆண்டுகள் என்றால் அவைதான்.

பிறகுதான் அந்தப் பாழாய்ப்போன நோய் வந்தது. முதலில் சாயங்கால நேரத்தில் மட்டும், வெற்றிலையை அடக்கிக்கொண்டு பேசுவது போலப் பேச்சு வந்தது. களைப்பு என்று நினைத்தோம். இங்கே பார்த்த மருத்துவரும் சத்துக் குறைவு என்று மாத்திரை எழுதினார். அது நிற்காமல் போகவே சென்னைக்கு அழைத்துப் போனோம். நரம்பு நோய், நாக்கிலும் தொண்டையிலும் தொடங்கி மெல்ல மெல்லக் கை கால்களுக்குப் போகும், மருந்தால் இதை நிறுத்த முடியாது என்று பெரிய மருத்துவர் சொன்னார். மாமா அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டார். அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான், வகுப்பு எடுக்கலாமா என்று. "முடியற வரைக்கும் எடுங்கம்மா" என்றார் மருத்துவர்.

அந்தச் சனிக்கிழமை கடையில் அக்கா எல்லோரிடமும் நோயைப் பற்றிச் சொன்னார். எல்லோரும் அழுது ஓய்ந்த பிறகு அவர் கேட்டதை அப்படியே எழுதுகிறேன். "எப்ப என்னால முடியலன்னு எனக்கே தெரியாது. என் காதுக்கு நான் பேசறது சரியாத்தான் கேக்குது. கிளாஸ்ல ஒக்காந்து பாக்கற நீங்கதான் சொல்லணும். சொல்லுவீங்கன்னு நம்பித்தான் நான் வேலைக்குப் போறேன்." எல்லோரும் தலையாட்டினார்கள். அக்கா வேறு யாரிடமும் எதுவும் கேட்டுப் பழகாதவர்.

அந்தச் சமயத்தில் ஸ்டெல்லா டீச்சரின் அம்மா வேலூரில் படுத்த படுக்கையானார். அவர் விடுப்பில் அங்கே போக வேண்டியதாயிற்று. மற்ற மூவரும் முறை வைத்து அக்காவின் வகுப்புக்குப் போய் வந்தார்கள். சனிக்கிழமை வந்து உட்கார்வார்கள். அக்கா தன் வகுப்பில் இது சரியில்லை, அது சரியில்லை என்று சொல்வார். அவர்கள், "அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா, நல்லா இருந்துச்சு" என்பார்கள். அந்தக் கடையில் சொல்லக்கூடாத வார்த்தையை மாறி மாறிச் சொன்னார்கள். அக்கா வீட்டில் பேசுவது எங்களுக்கே பாதிதான் புரிந்துகொண்டிருந்தது. ஆனால் அக்கா நம்பினார். "வூட்லதான் கொழறுது, கிளாஸ்ல நல்லா வருதாம். எல்லாரும் சொல்றாங்க" என்று மாமாவிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டார். மாமாவும், "அதான பாத்தேன்" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப் பக்கம் போய் நின்றார்.

அரையாண்டு விடுமுறை முடிந்து ஸ்டெல்லா டீச்சர் திரும்பி வந்தார். வந்த வாரமே அக்காவின் ஆறாம் வகுப்பில் போய் உட்கார்ந்தார். சனிக்கிழமை கடைக்கு வந்தவர் டீயைத் தொடவில்லை. வழக்கம்போல் அக்காதான் முதலில் பேசினார். கடைசியில் மணி அடித்துவிட்டதால் எழுத வைக்க நேரம் போதவில்லை என்றார். நல்லா இருந்துச்சு என்று சொல்ல மற்றவர்கள் தயாராக இருந்தார்கள்.

"அக்கா, நீங்க சொல்றத புள்ளைங்க அப்படியே திருப்பிச் சொல்றாங்க" என்றார் ஸ்டெல்லா டீச்சர்.

"அதுக்குத்தான பாடம் எடுக்கறது?"

"நாக்கு கொழறுறதையும் சேத்துச் சொல்றாங்கக்கா. வார்த்தையோட கடைசிய முழுங்கறாங்க. நல்லாப் படிக்கற பொண்ணும் அப்படித்தான் சொல்லுது. அதுங்களுக்கு வூட்ல இங்கிலீஷ் கெடையாது. உங்க வாயிலேந்து வர்றதுதான் இங்கிலீஷுன்னு நெனச்சிக்கினு இருக்குதுங்க." சொல்லிக்கொண்டே அவர் அழுதார். "நீங்க நிறுத்திக்கணும்க்கா. சொல்லச் சொன்னீங்களே, அதான் சொல்றேன்."

நான் மிஷினை நிறுத்திவிட்டேன். அக்கா மற்ற மூவரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். "நீங்கல்லாம் வந்தீங்களே. உங்களுக்குக் கேக்கலயா?" என்றார். முன்பு அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட அந்த சார்தான் மெல்லச் சொன்னார். "கேட்டுச்சுக்கா. உங்க மனசு நோவக்கூடாதுன்னு நாங்க பேசி வெச்சிக்கினோம்." அக்கா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் பின்னாலேயே ஓடினேன். அவர் திரும்பிப் பார்க்காமல் ஆட்டோவில் ஏறிவிட்டார்.

திங்கட்கிழமை அக்கா மருத்துவ விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டார். பிறகு அவர் பள்ளிக்கும் போகவில்லை, என் கடைக்கும் வரவில்லை. ஜன்னல் ஓரமாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார். நோயும் அப்போதுதான் வேகம் எடுத்தது. கை நடுங்கியது, சோறு இறங்கவில்லை, எழுந்து நடக்க ஆள் துணை வேண்டியிருந்தது. "அந்த வேலைதான் அவ உசுரு. அத வந்து புடுங்கிட்டுப் போயிட்டா" என்று மாமா ஸ்டெல்லா டீச்சரைச் சொன்னார். நம் சொந்தக்காரர்கள் நீங்கள் பலரும் அதையே சொன்னீர்கள். தீட்டிய மரத்திலேயே கூர் பார்த்துவிட்டாள் என்று ஒரு பெரியம்மா சொன்னது என் காதில் விழுந்தது. ஸ்டெல்லா டீச்சர் இரண்டு முறை வாசல் வரை வந்து திரும்பிப் போனார். நோய் தன் வழியில்தான் போகும், யார் என்ன சொன்னாலும் அது வேகம் கூட்டாது, குறைக்காது என்று மருத்துவர் எங்களிடம் சொல்லியிருந்தார். அதை நினைத்துப் பார்க்க அப்போது யாருக்கும் மனமில்லை.

ஒரு மதியம் நான் அக்காவுக்குக் கேழ்வரகுக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். மாமா கடைக்குப் போயிருந்தார். அக்கா கரண்டியை ஒதுக்கிவிட்டுப் பேச ஆரம்பித்தார். அதற்குள் அவர் பேச்சு என்னைத் தவிர யாருக்கும் புரியாத நிலைக்கு வந்திருந்தது. சின்ன வயதிலிருந்து அவர் வாயைப் பார்த்தே வளர்ந்தவள் என்பதால் எனக்குப் புரிந்தது. நின்று நின்று, எச்சிலைத் துடைக்கச் சொல்லிச் சொல்லி, அவர் பேசியது இதுதான்: "ஸ்டெல்லா மட்டுந்தான் என்ன டீச்சரா நெனச்சா. மத்த எல்லாரும் நோயாளியா நெனச்சிட்டீங்க. நீயுந்தான்." அப்புறம், "அந்த ஆறாங்கிளாஸ் புள்ளைங்க வாயில நான் வெச்சிட்டு வந்தத யாராவது எடுக்கணும். அவளத்தான் போகச் சொல்லணும்" என்றார்.

நான் அன்றைக்கே ஸ்டெல்லா டீச்சரை அழைத்துச் சொன்னேன். அக்காவின் இடத்துக்கு அதுவரை வேறு ஆசிரியர் வரவில்லை. தலைமையாசிரியரின் அனுமதியோடு, மிச்சமிருந்த விடுப்பையெல்லாம் போட்டு, ஸ்டெல்லா டீச்சர் அந்தப் பிள்ளைகளிடம் போனார். மற்ற மூவரும் தங்களால் முடிந்தபோது போனார்கள். அக்கா தானும் பார்க்க வேண்டும் என்றார். ஒருநாள் மாமா வேலைக்குப் போன பிறகு, அவருக்குச் சொல்லாமல், நானும் அக்காவின் மகளுமாக ஆட்டோவில் அழைத்துப்போய், தாங்கிப் பிடித்து, கடைசி பெஞ்சில் உட்கார வைத்தோம். பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்கு அக்காவை அடையாளம் தெரியச் சற்று நேரம் பிடித்தது. அவ்வளவு இளைத்திருந்தார். ஸ்டெல்லா டீச்சர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். ஓரிடத்தில் அக்கா தலையை ஆட்டி இல்லை என்றார். ஸ்டெல்லா டீச்சர் அங்கேயே நிறுத்தி மறுபடியும் முதலிலிருந்து சொல்லிக் கொடுத்தார். சிலருக்குச் சரியாக வந்தது. சிலருக்கு ஆண்டு முடிகிற வரைக்கும் வரவில்லை. அக்கா பார்த்த கடைசி வகுப்பு அதுதான்.

பிறகு கஞ்சியும் இறங்கவில்லை. குழாய் வழியாகத்தான் ஆகாரம். கண்கள் மட்டும் எங்களைப் பின்தொடர்ந்தன. ஒரு விடியற்காலையில், மாமா மடியில் தலை வைத்தபடி, அக்கா அடங்கினார். ஸ்டெல்லா டீச்சர் மாலையோடு வந்தார். மாமா அவரை வாசலிலேயே மறித்து, "இன்னும் இன்னா மிச்சம் இருக்குதுன்னு வந்த?" என்று கேட்டுவிட்டார். அவர் மாலையை என் கையில் கொடுத்துவிட்டுத் தெருமுனையில் போய் நின்றுகொண்டார். ஊர்வலம் கிளம்பும்வரை அங்கேயே நின்றார். மாலையை நான்தான் அக்காவுக்குப் போட்டேன்.

இனி நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்கிறேன். நோயின் உண்மையை மறைக்காமல் சொன்ன சென்னை மருத்துவருக்கும், வீட்டுக்கே வந்து குழாய் மாற்றிக் கொடுத்த செவிலியருக்கும், கூப்பிட்ட நேரமெல்லாம் வந்த தெருமுனை ஆட்டோக்காரத் தம்பிக்கும், முறை வைத்துச் சமைத்து அனுப்பிய அக்கம்பக்கத்து வீட்டாருக்கும், பெருந்தன்மையான தலைமையாசிரியருக்கும், அழுத முகத்தோடு வந்து நின்ற பள்ளிப் பிள்ளைகளுக்கும் எங்கள் நன்றி. அன்பினால் வாயை மூடிக்கொண்ட மூன்று ஆசிரியர்களுக்கும் நன்றி. அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டில் நாங்களும் அதைத்தானே செய்தோம்? சனிக்கிழமைக் கூட்டம் அதற்குப் பிறகு கூடவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க அவர்களால் முடியவில்லை. அக்காவைத் தாய் போல இருந்து பார்த்துக்கொண்ட மாமாவுக்கு நன்றி என்ற சொல் போதாது. அவருடைய கோபம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

ஸ்டெல்லா டீச்சருக்கு நான் எப்படி நன்றி சொல்வது? அவரால்தான் அக்கா சீக்கிரம் போய்விட்டார் என்று நாம் சொன்னதை அவரும் நம்பிவிட்டார். இன்றைய படையலுக்கு நானே நேரில் போய் அழைத்தேன். "நான் வந்தா உங்க மாமாவுக்குக் கஷ்டமா இருக்குமேம்மா" என்றார். அவர் வருவாரா என்று இதை எழுதும்போது எனக்குத் தெரியவில்லை.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இந்தக் கட்டுரையை மாமாவிடம் முழுவதும் படித்துக் காட்டினேன். அக்கா கஞ்சி குடிக்கும்போது சொன்னதும், கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்ததும் அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும். வாசலில் மறித்ததை எடுத்துவிடவா என்று கேட்டேன். "இருக்கட்டும். ஒரு எழுத்துகூட எடுக்காத, அப்படியே அடிக்கச் சொல்லு" என்றார்.

ஆகவே உறவினர்களையும் நண்பர்களையும் கேட்டுக்கொள்கிறேன். ஸ்டெல்லா டீச்சர் வந்திருந்தால் கூட்டத்தில் எங்காவது ஓரமாகத்தான் உட்கார்ந்திருப்பார். சாப்பாட்டுக்கு இலை போடும்போது அவரை அழைத்துவந்து முதல் பந்தியில் உட்கார வையுங்கள். அவர் யார் என்று தெரியாதவர்கள் மாமாவைக் கேளுங்கள், காட்டுவார்.